ஜூலையில் பிள்ளையை யார் பார்ப்பது?

ஒன்ராறியோவில் ஜூன் கடைசியில் பூட்டும் பள்ளிக்கூடம், செப்டம்பரில் தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான் திறக்கும். இடையில் ஏறத்தாழப் பத்து வாரம். மார்க்கம் நகரத்துத் தமிழ் வீடுகளில் இந்தப் பத்து வாரத்துக்கும் ஆளுக்கொரு திட்டம் இருக்கும். ஒருவர் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போவார். இன்னொருவர் மஸ்கோகா பக்கம் கொட்டேஜ் எடுப்பார். மூன்றாமவர் பிள்ளையைக் காலையில் நீச்சலுக்கும் பின்னேரம் கணித வகுப்புக்கும் ஏற்றி இறக்கியே கோடையை முடிப்பார். சனி ஞாயிறு வந்தால் பூங்காக்களில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் ஒன்றுகூடல். ஆட்டிறைச்சிக் கறியும் சாக்கோட்டமும்.

அதே வீடுகளின் பேஸ்மென்ற்களில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதியில் ஒருவர் மாணவர். மூன்று நாலு வயதில் ஒரு பிள்ளை, சில வேளை கையில் இன்னொன்று. ஆண்டிலேயே அவர்களுக்கு மூச்சுமுட்டும் காலம் கோடைதான். அதற்குக் காரணம் அவர்களுடைய திட்டமிடாமை என்று மேல்வீட்டில் நினைப்பவர்கள் உண்டு. விதிகளை ஒருமுறை அடுக்கிப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

சர்வதேச மாணவர் ஒருவர் படிப்புத் தவணையில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை செய்யலாம்; 2024 நவம்பர் 8 முதல் இதுதான் விதி. கல்வி நிறுவனம் முன்கூட்டி அறிவித்த விடுமுறையில் மட்டும் முழுநேரம் செய்யலாம். பெரும்பாலான படிப்புகளில் அந்த நீண்ட விடுமுறை மே முதல் ஓகஸ்ட் வரை. செப்டம்பரில் கட்டவேண்டிய கட்டணத்தில் ஒரு பங்கையாவது சேர்க்கக்கூடிய காலம் அந்த நாலு மாதம்.

சரியாக அதன் நடுவில்தான் பிள்ளையின் பள்ளிக்கூடம் பூட்டுகிறது. ஒன்ராறியோவில் நாலு வயதிலேயே முழுநாள் கிண்டர்கார்டன் உண்டு. 2010இல் தொடங்கி 2014இல் மாகாணம் முழுவதும் வந்துவிட்ட திட்டம் அது. அரச நிதி பெறும் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் சர்வதேச மாணவரின் பிள்ளைக்கும் அங்கே கட்டணம் இல்லை. குளிர்காலம் முழுவதும் காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் மூன்றரை மணிவரை அந்தப் பள்ளிக்கூடம்தான் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. வேர்ஹவுஸில் கேட்ட மணி நேரமெல்லாம் கிடைக்கிற மாதத்தில் அந்தத் தாங்கல் கழன்றுவிடுகிறது.

மார்க்கம் 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி 338,503 பேர் வாழும் நகரம். ரொறன்ரோ எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் ஸ்காபரோ. உறவினர், கோயில், தமிழ்க் கடை, தமிழ் வைத்தியர், தெரிந்தவர் வீட்டு பேஸ்மென்ற் எல்லாம் ஒரு பஸ் தூரத்துக்குள் இருப்பதால் படிக்க வந்த குடும்பங்கள் இங்கே சேருகின்றன. 2024இல் யோர்க் பல்கலைக்கழகம் மார்க்கம் நகர மையத்தில் பத்து மாடி வளாகமொன்றைத் திறந்தது. 4,000க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு இடமுண்டு. அதே ஆண்டின் பிற்பகுதியில், சர்வதேச மாணவர் தொகை விழுந்ததைக் காரணம் காட்டி, செனக்கா கல்லூரி தனது மார்க்கம் வளாகத்தைத் தற்காலிகமாக மூடப்போவதாக அறிவித்தது. ஒரு நகரத்தில் ஒரே ஆண்டில் ஒரு வளாகம் திறந்ததும் இன்னொன்று பூட்ட ஆயத்தமானதும் கனடாவின் மாணவர் கொள்கை எந்த வேகத்தில் மாறியது என்பதற்குப் போதுமான சாட்சி.

அந்த மாற்றத்தின் எண்கள் இவை. 2023 முடியும் வரை, கட்டணம் தவிர்த்து ஓராண்டுச் செலவுக்குத் தனி மாணவர் ஒருவர் 10,000 டாலர் காட்டினால் போதும். 2024 ஜனவரி 1இல் அது 20,635 ஆனது. 2025 செப்டம்பர் 1இல் 22,895. மூன்று பேர் கொண்ட குடும்பம் என்றால் 35,040 டாலர், நாலு பேர் என்றால் 42,543 டாலர். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ காணி ஈடுவைத்து, அக்கா தங்கையின் நகையைக் கேட்டு வாங்கி இந்தத் தொகையைக் காட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். காட்டிய காசு வந்த பிறகு பேஸ்மென்ற் வாடகையாகவும் டயப்பராகவும் கரைகிறது.

கணவன் அல்லது மனைவிக்கு வேலை அனுமதி கிடைப்பதும் சுருங்கிவிட்டது. முன்பு டிப்ளோமா படிக்க வந்தவரின் துணைக்கும் திறந்த வேலை அனுமதி கிடைத்தது. 2024 மார்ச் 19 முதல் முதுகலை, முனைவர் பட்டம், சில தொழில்முறைப் படிப்புகள் என்று வரம்பு போட்டார்கள். 2025 ஜனவரி 21 முதல் முதுகலையிலும் 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் படிப்புகளுக்கு மட்டும் என்றார்கள். இதனால் இன்று இரண்டு வகைக் குடும்பங்கள் உண்டாகிவிட்டன. ஒன்றில் இருவரும் வேலை செய்யலாம், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. மற்றதில் பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்கிறது, ஏனென்றால் அவர் வேலை செய்யக்கூடாது. ஊரில் வங்கியிலோ பாடசாலையிலோ வேலை பார்த்த ஒரு பெண், பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சட்டத்தின் கட்டளையால் முழுநேரத் தாயாகிறார். பிள்ளை பராமரிப்புப் பிரச்சினைக்கு ஒட்டாவா கண்டுபிடித்த தீர்வு இதுவென்றால், அதைத் தீர்வு என்று சொல்லக் கூச்சம் வேண்டும்.

இருவரும் உழைக்கும் வீட்டில் ஒரு ஜூலை நாள் எப்படிப் போகும் என்பது மார்க்கம் வீதியோரம் பஸ்ஸில் போய் வருபவர்களுக்குத் தெரிந்த கதைதான். அப்பா இரவுச் சிஃப்ட் முடித்து ஏழு மணிக்கு வருவார். அம்மா எட்டு மணிச் சிஃப்டுக்கு இறங்குவார். பிள்ளையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கும் இடம் சில நாள் வீட்டு வாசல், சில நாள் பஸ் தரிப்பிடம். நித்திரை கொள்ளவேண்டிய அப்பா மூன்று வயதுப் பிள்ளையோடு கண்ணைத் திறந்து வைத்திருப்பார். யூடியூப் அந்த நேரத்தில் போடப்படுவதுதான். பிள்ளைக்குத் திரை காட்டக்கூடாது என்று அறிவுரை சொல்பவர்கள், இரவு முழுவதும் பெட்டி தூக்கியவர் காலை பத்து மணிக்கு வேறு என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஜூன் மூன்றாம் வாரத்தில் இங்கே இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. காலை ஆறு மணிக்கு முன்னமே வந்துவிடுகிறது. வெளியே வெளிச்சம் இருக்கும்போது நித்திரைக்குப் போகச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. இந்த ஒரு விடயத்தில் மட்டும் பேஸ்மென்ற் குடும்பங்களுக்கு அதிர்ஷ்டம். சின்ன ஜன்னல், எப்போதும் அரையிருட்டு, ஜூலை வெக்கையிலும் குளிர்ந்த தரை. மேல்வீட்டுப் பிள்ளை பத்து மணிக்கும் குதித்துக்கொண்டிருக்க, கீழ்வீட்டுப் பிள்ளை எட்டரைக்கே தூங்கிவிடும். அதற்குப் பிறகுதான் கோடைத் தவணைப் பாடம் எடுத்திருக்கும் அம்மாவின் கட்டுரை தொடங்கும்.

இனி இந்த நகரம் தருவதைப் பார்ப்போம். தருவது குறைவல்ல, அதை மறைத்தால் வாதம் பொய்யாகிவிடும்.

மார்க்கம் பொது நூலகத்தின் ஆனின் கிளைக்கோ மிலிக்கன் மில்ஸ் கிளைக்கோ கோடைக் காலையில் போனால், ஸ்ட்ரோலர்கள் வரிசையாக நிற்கும். குளிரூட்டிய கூடம், கதை நேரம், தமிழ்ப் புத்தகங்கள், பிள்ளைகளுக்கான டிடி கோடை வாசிப்புக் கழகம் எல்லாம் காசில்லாமல். நூலகக் கட்டடத்துக்குள் நுழையக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ஒன்ராறியோவின் பொது நூலகச் சட்டம். பூங்காக்களில் ஸ்பிளாஷ் பாட் என்று தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் இடங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அதைவிட வேறு கடல் தேவையில்லை. யூனியன்வில்லில் டூகுட் குளத்துக்கு வாத்துப் பார்க்கப் போகலாம். மார்க்கத்தின் கிழக்குப் பக்கமாக நீளும் ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. (புல்லுக்குள் ஓடிவிட்டு வந்த பிள்ளையின் காலில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி ரூஜ் பக்கம் இருக்கிறது. ஊரில் மாட்டுண்ணி பார்த்த கண்ணுக்கு இது எள்ளளவுதான் தெரியும்.)

போக்குவரத்தும் முன்னைவிட மலிவு. ரொறன்ரோ பஸ்ஸிலும் சப்வேயிலும் 12 வயது வரை பிள்ளைகளுக்கு 2015 முதல் இலவசம். கோ ரயிலில் 2019 முதல். 2024 பெப்ரவரி 26 முதல் யோர்க் பிராந்திய பஸ்ஸிலிருந்து ரொறன்ரோ பஸ்ஸுக்கு மாறினால் இரண்டாம் கட்டணம் இல்லை. மார்க்கத்திலிருந்து ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் கடற்கரைக்குப் போய்வர ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு, பெரியவர்களின் பயணச்சீட்டும் ஒரு சோற்றுப் பொதியும்.

ஏர்லி-ஓன் எனப்படும் பிள்ளை-குடும்ப நிலையங்களை இன்னும் பல தமிழ்ப் பெற்றோருக்குத் தெரியாது. மாகாண அரசு பழைய பல திட்டங்களை ஒன்றாக்கி 2018இல் இந்தப் பெயரைக் கொடுத்தது. பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரையான பிள்ளையோடு போகலாம். பாட்டு, களிமண், விளையாட்டுப் பொருள், பயிற்சி பெற்ற ஆசிரியர், எல்லாம் இலவசம். மற்றப் பிள்ளைகளின் தாய்மாரோடு ஒரு வார்த்தை பேசக் கிடைப்பது, தனித்துப்போன ஒரு இளம் தாய்க்கு அங்கே கிடைக்கும் பெரிய மருந்து.

இத்தனையையும் அடுக்கிவிட்டு ஒன்றைக் கவனிக்கவேண்டும். நூலகக் கதை நேரம், ஏர்லி-ஓன், ஸ்பிளாஷ் பாட், ரூஜ் பூங்கா: இவற்றில் எதிலும் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். இந்த நகரத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் பெற்றோரின் நேரத்தைக் கேட்கிறது; பெற்றோரின் நேரத்தை மீட்டுத் தருவதெல்லாம் காசு கேட்கிறது. மாணவக் குடும்பத்திடம் இல்லாதவை இந்த இரண்டும்தான். கோடைக்கால நிகழ்ச்சிப் பட்டியலை நகரசபை எவ்வளவு அழகாக அச்சடித்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

காசு கேட்கும் பக்கத்திலும் நல்ல மாற்றம் வராமல் இல்லை. 2022 மார்ச்சில் மத்திய அரசோடு ஒன்ராறியோ செய்த ஒப்பந்தத்தால், திட்டத்தில் சேர்ந்த டேகெயார்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான கட்டணம் 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டாலரைத் தாண்டக்கூடாது. மாதத்துக்கு 460 டாலர் அளவில் வரும். ஒப்பந்தத்துக்கு முன் ரொறன்ரோவில் கைக்குழந்தைக்கு மாதம் 1,500 டாலருக்கு மேல் கட்டியவர்களைக் கேட்டால் இதன் பெறுமதி தெரியும். 2026 மார்ச்சுக்குள் சராசரிக் கட்டணத்தை 10 டாலருக்கு இறக்குவது என்ற இலக்கை ஒன்ராறியோ எட்டவில்லை. அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, விலை இறங்கியதும் வரிசை நீண்டதுதான். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே வெயிட்டிங் லிஸ்டில் பெயர் போடுகிறார்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். ஓகஸ்டில் விமானத்தால் இறங்கி செப்டம்பரில் வகுப்புக்குப் போகும் குடும்பம் அந்த வரிசையின் எந்த இடத்தில் நிற்கும்?

இடம் கிடைத்தாலும் நேரம் பொருந்தாது. டேகெயார் பின்னேரம் ஆறு மணியளவில் பூட்டிவிடும். இரவு வகுப்பும் இரவுச் சிஃப்டும் அதற்குப் பிறகுதான் தொடங்கும். நகரசபையின் கோடை முகாம்களோ வாரக் கணக்கில் கட்டணம் கேட்பவை. குளிர்காலம் முடியும் முன்னமே பதிவு தொடங்கி, வெயில் கண்ணில் படும்போது இடங்கள் முடிந்திருக்கும். பள்ளிச் சபைகள் நடத்தும் சர்வதேச மொழி வகுப்புகள் இதில் ஒரு நல்ல விதிவிலக்கு. சில பள்ளிகளில் கோடைக் காலையிலும் தமிழ் வகுப்பு நடக்கிறது, கிண்டர்கார்டன் வயதிலேயே சேர்க்கலாம். பிள்ளை “அ” எழுதப் பழகும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அம்மாவால் ஒரு அத்தியாயம் படிக்கமுடியும். தமிழ் வளர்க்கத் தொடங்கிய வகுப்பு ஒரு தாயின் கணக்கியல் டிப்ளோமாவையும் வளர்க்கிறது என்று அதை நடத்துபவர்களே நினைத்திருக்கமாட்டார்கள்.

மிச்சம் இருப்பது “அக்கா ஒராள் பார்க்கிறா” வழி. தன் வீட்டில் நாலைந்து பிள்ளைகளைக் காசுக்குப் பார்க்கும் பெண்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்களைத் திருடரைப்போலப் பேசுவது சரியல்ல. ஒன்ராறியோ சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாத வீட்டுப் பராமரிப்பை அடியோடு தடுக்கவில்லை, வரம்புதான் வைத்திருக்கிறது: 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 5 பேருக்கு மேல் கூடாது, அதில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது, பார்ப்பவரின் சொந்தப் பிள்ளை நாலு வயதுக்குக் கீழ் என்றால் அதுவும் கணக்கில் சேரும். இந்த வரம்பு சும்மா வந்ததல்ல. 2013 ஜூலையில் இதே யோர்க் பிராந்தியத்தின் வோன் நகரில், அளவுக்கு மீறிப் பிள்ளைகளை வைத்திருந்த அனுமதியற்ற வீடொன்றில், வெயிலில் நின்ற வாகனத்துக்குள் மறந்துவிடப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தை இறந்தது. அதன் அதிர்ச்சியும் சேர்ந்துதான் 2014இன் சட்டம் பிறந்தது. ஆகவே அக்காவிடம் விடுபவர்கள், எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று முகம் பார்த்துக் கேட்கவேண்டும். கேட்டால் கோபிக்கிற அக்காவிடம் விடக்கூடாது.

அம்மம்மா இருந்தால் இந்த ஒன்றும் தேவையில்லை என்பார்கள். உண்மை. மார்க்கத் தமிழ் வீடுகளின் வெற்றிக் கதைகளில் பெயர் வராத உழைப்பாளி அம்மம்மாவும் அப்பம்மாவும்தான். மகளுக்கு இரவு வேலை, மருமகனுக்கு இரண்டு வேலை என்று ஓடிய காலத்தில் பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள். 2011 டிசம்பரில் வந்த சூப்பர் விசா அதற்கு இன்னும் வழி திறந்தது. 2022 ஜூலை முதல் ஒருமுறை வந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். ஆனால் அழைப்பவர் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவராக இருக்கவேண்டும். மாணவரால் தாயை அந்த விசாவில் கூப்பிட முடியாது. சாதாரண வருகையாளர் விசா கிடைத்தால் வழக்கமாக ஆறு மாதம், அதுவும் கிடைத்தால்தான். இதன் விளைவை ஒரே வீட்டில் பார்க்கலாம். மேல்மாடியில் அம்மம்மா பேரனுக்குக் குழைத்துத் தீத்துகிறார். கீழே அதே வயதுப் பிள்ளை அப்பாவின் நித்திரை கலையக் காத்திருக்கிறது. மனம் பொறுக்காத அம்மம்மாக்கள் கீழிருந்தும் ஒன்றைக் கூப்பிட்டு இரண்டு வாய் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அந்தக் கருணையில்தான் பல பட்டங்கள் முடிகின்றன.

காசு விடயத்தில் ஒரு விதி குறிப்பாக உறுத்துகிறது. கனடா பிள்ளை நலக் கொடுப்பனவு 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதிகபட்சம் 7,997 டாலர். நிரந்தர வதிவிடத்தோடு வருபவர் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். தற்காலிக அனுமதியில் இருப்பவர் 18 மாதம் தொடர்ந்து இங்கே வாழ்ந்து, 19ஆம் மாதத்திலும் செல்லுபடியான அனுமதி வைத்திருக்கவேண்டும். குழந்தை இங்கேயே பிறந்த கனடியக் குடிமகன் என்றாலும் பெற்றோரின் 18 மாதத்தைத்தான் எண்ணுவார்கள். முதல் சம்பளத் துண்டிலேயே வருமான வரி, ஓய்வூதியப் பங்கு, வேலைக்காப்புறுதி மூன்றும் வெட்டுப்படும். அதற்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. ஓகஸ்டில் வந்த குடும்பம் தன் முதல் கோடையைக் கட்டாயம் இந்தக் கொடுப்பனவு இல்லாமல்தான் கடக்கும். அந்தக் கோடைதான் கையில் காசே இல்லாத கோடையும். 18 மாத விதியை நீக்கவேண்டும். குறைந்தது கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காவது உடனே நீக்கவேண்டும். அதுவரை, 19ஆம் மாதத்தை நாட்காட்டியில் குறித்துவைத்து ஆர்சி66 படிவத்தை அனுப்புவது நல்லது. தெரியாமலே விட்டுவிடுபவர்கள் உண்டு.

“நாங்கள் வந்த காலத்தில் யார் உதவினது? படிக்க வருபவர்கள் ஏன் பிள்ளையோடு வரவேண்டும்?” இந்த இரண்டு கேள்வியும் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் கேட்கும். முதலாவதற்குப் பதில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது: உதவியது அம்மம்மா. இரண்டாவதற்கும் பதில் கடினமில்லை. துணைக்கு வேலை அனுமதி வேண்டுமென்றால் முதுகலை படி என்று சொல்கிற நாடு, முப்பதை நெருங்குபவர்களைத்தான் அழைக்கிறது. அந்த வயதில் ஆட்களுக்குப் பிள்ளை இருக்கும்.

மாணவர்களும் பெற்றோராக இருப்பார்கள் என்பதை இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்கள் தாமாக உணர்ந்துவிடவில்லை. 1969இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான சசெக்ஸ் அவெனியூ வீடொன்றில் மாணவர்களும் பெண் விடுதலை இயக்கத்தினரும் பெற்றோரும் சேர்ந்து கூட்டுறவு டேகெயார் ஒன்றைத் தொடங்கினார்கள். கட்டடத்தைத் திருத்தக் காசு கேட்டு 1970 மார்ச்சில் நிர்வாக அலுவலகமான சிம்கோ மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். 1972இல் டெவன்ஷயர் பிளேஸில் இன்னொரு கட்டடத்தைப் பிடித்து மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் வளாகத்தில் பிள்ளை பராமரிப்பு என்பது பேசத்தக்க விடயமானது. இன்று அதே பல்கலைக்கழகம் சார்ள்ஸ் வீதியில் மாணவக் குடும்பங்களுக்கென்றே அடுக்குமாடிக் கட்டடங்கள் இரண்டு வைத்திருக்கிறது. யோர்க்கின் கீல் வளாகத்தில் கூட்டுறவு டேகெயார் உண்டு. மார்க்கத்துக்கு வந்திருக்கும் புதிய வளாகம் எந்த வகையான மாணவர்களின் நடுவே கட்டப்பட்டிருக்கிறது என்பதை அதன் நிர்வாகம் பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நின்றாலே கண்டுகொள்ளலாம். இரவு வகுப்பு நடக்கும் கட்டடத்தில் இரவு ஒன்பது மணிவரை பிள்ளை பார்க்கும் ஓர் அறை என்பது பத்து மாடிக்குள் அடங்காத கோரிக்கை அல்ல.

தமிழர் அமைப்புகளையும் கேட்கவேண்டியது இருக்கிறது. மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் கோயில் மண்டபங்கள், விழா மண்டபங்கள், சங்க அலுவலகங்கள் எத்தனை! வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை கால் வைக்க இடமிராது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவற்றில் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கும். அந்த வேளையில் ஒரு மண்டபத்தில் ஒரு பக்கம் மேசையும் வைஃபையும், மறுபக்கம் பாயும் விளையாட்டுப் பொருளும் என்று ஒழுங்குபடுத்தலாம். பெற்றோர் அதே கூரையின் கீழ் படிப்பார்கள். பிள்ளைகளை வேறு சிலர் பார்ப்பார்கள். யார் பார்ப்பது? ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணி நேரச் சமூகசேவை கட்டாயம். அந்த நாற்பது மணிக்காக ஒவ்வொரு கோடையிலும் தமிழ்ப் பிள்ளைகள் இடம் தேடி அலைகிறார்கள். இளைப்பாறிய தமிழ் ஆசிரியைகள் மேற்பார்வைக்கு வருவார்கள். ஊரில் நாற்பது பேர் வகுப்பை அடக்கியவர்களுக்குப் பத்து மழலைகள் பெரிய காரியமில்லை. பொலிஸ் சான்று, முதலுதவிப் பயிற்சி, காப்புறுதி எல்லாம் முறையாக வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதுவரை செய்யலாம் என்பதை மாகாணக் கல்வி அமைச்சில் கேட்டுத் தெளிந்த பிறகே தொடங்கவேண்டும். ஆனால் வருடாந்த ஒன்றுகூடலுக்கு நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு, பரிசு, ஒலிபெருக்கி, பூங்கா அனுமதி எல்லாம் ஒழுங்குபண்ணத் தெரிந்த சங்கங்களுக்கு இந்தக் கடதாசி வேலை தெரியாது என்று நம்பமுடியவில்லை.

நகரசபையின் பங்கு இன்னும் நேரடியானது. முகாம் இடங்களில் ஒரு பகுதியைப் பதிவு முடிந்த பிறகும் புதிதாக வந்த குடும்பங்களுக்கென்று வைத்திருக்கலாம். சமூக நிலையங்களில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அரைநாள் முகாமை வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் தரலாம். இவற்றுக்கு ஒட்டாவாவின் சம்மதம் தேவையில்லை.

ஒன்ராறியோ முழுவதும் மாநகரசபைத் தேர்தல் 2026 அக்டோபர் 26இல் நடக்கிறது. அதற்கு முந்திய ஜூலை, ஓகஸ்ட் ஒன்றுகூடல்களுக்கெல்லாம் வேட்பாளர்கள் வருவார்கள். வணக்கம் சொல்வார்கள், கொத்துரொட்டி சாப்பிட்டுப் படம் எடுப்பார்கள். வாக்களிக்கக் கனடியக் குடியுரிமை வேண்டும் என்பதால் பேஸ்மென்ற் மாணவருக்கு அந்த இடத்தில் குரல் இல்லை. மேல்வீட்டுக்காரருக்கு இருக்கிறது. வாடகையை முதல் திகதி தவறாமல் வாங்குபவர், அந்த வேட்பாளரிடம் முகாம் இடங்களைப் பற்றியும் சமூக நிலையத்தின் கிழமை நாள் நேரத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளலாம்.